தீயணைக்கும் கீரிச் சம்பா

சீவரத்தினத்தாருடைய மூக்கு, அவர் பிறப்பதற்கு ஒரு நாழிகை முன்னதாகவே வெளியே வந்து, உலகத்தை ஒருதரம் மோந்து பார்த்து, "சீ" என்று சுளித்துக்கொண்டதாம். மிச்ச ஆள் அந்தச் சுளிப்பைக் கொழுவிக்கொண்டு பின்னால் வந்து சேர்ந்தாராம். உயிலங்குளத்தில் இப்படி ஒரு கதை இருக்கிறது. நம்பாதவர்கள் நம்பவேண்டாம். ஆனால் தாழ்வுபாட்டில் ஒருத்தி நெத்தலி வறுத்தால், கடலும் பாலமும் தாண்டி உயிலங்குளத்தில் இவர் தும்முவார் என்பதற்குச் சாட்சி சொல்ல ஊரில் பாதிப்பேர் இருக்கிறார்கள். மற்றப் பாதிப்பேர் அந்தத் தும்மலில் வீட்டு ஓடு கழன்று விழுந்தவர்கள்.

இப்படியொரு மூக்கை வைத்துக்கொண்டு மனுசன் பூக்கடை வைத்திருக்கலாம். சந்தனக் கட்டை விற்றிருக்கலாம். விதி அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமோ கருவாட்டுக் களஞ்சியம்.

முழுக்கக் கருவாடு என்றும் சொல்லிவிட முடியாது. யுத்தம் முடிந்த பிறகு ஏதோ ஒரு குளிர்தேசத்துக்காரர்கள் வந்து, வயற்காரரும் கடற்காரரும் ஒற்றுமையாக வாழவேண்டும் என்று தீர்மானித்து, இரண்டு பகுதிச் சங்கங்களுக்கும் சேர்த்து றோட்டோரம் ஒரே களஞ்சியமாகக் கட்டிக் கொடுத்தார்கள். அதுவரை இரண்டு பகுதியும் ஏதோ வெட்டிக்குத்திக்கொண்டு கிடந்த மாதிரி! அரிசிக்கும் கருவாட்டுக்கும் நடுவில் ஒரு சுவராவது வையுங்கள் என்று பொறுப்பாளர் சீவரத்தினத்தார் கெஞ்சிப் பார்த்தார். ஒற்றுமைக்கு நடுவில் சுவர் கூடாது என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் பதில் வந்தது. திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட வந்த வெள்ளைக்கார அம்மா வாசலில் நின்று ஒரு மூச்சு இழுத்தாள். வெள்ளையாக வந்தவள் பச்சையாகத் திரும்பி வாகனத்துக்குள் ஏறி, கண்ணாடியை இறக்காமலே ஒற்றுமையை வாழ்த்திவிட்டுப் போனாள்.

சீவரத்தினத்தாருக்குப் போக வாகனமில்லை. அவர் அங்கேயே இருந்தார்.

தகரக் கூரைக்குக் கீழே கருவாடு ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு நாற்றம். சாளை, ஈரச் சாக்கைப் போர்த்துப் படுத்த மாதிரி நாறும். கட்டா பரவாயில்லை, சொந்தக்காரரைப்போல வந்து சொல்லிவிட்டு நாறும். திருக்கைதான் கொலைகாரன். வெயில் ஏற ஏற, பழைய ஆசுப்பத்திரிக் கக்கூசைப் பத்து வருசம் பூட்டி வைத்துத் திறந்ததுபோல ஒரு காரம் கிளம்பிக் கண்ணைக் குத்தும். அது வேட்டியில் ஏறும், தேத்தண்ணியில் இறங்கும், அவருடைய கந்தோர் அறையில் மேசை இலாச்சிக்குள் புகுந்து முத்திரைக் கட்டையில் குடியிருக்கும். வீட்டுக்குப் போனால் மனைவி சிவலட்சுமி, "கிணத்தடிக்குப் போட்டு வாங்கோ" என்று வாசலிலேயே வழிமறிப்பாள். அவர் எட்டு வாளி அள்ளிக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தால், வீட்டுப் பூனை மட்டும் ஆசையோடு வந்து காலை நக்கும்.

இந்த நிலையில்தான் களஞ்சியத்துக்கு மூளை வந்தது.

அதைக் கொண்டுவந்தவள் ஹம்சிகா என்ற பொறியியலாளர் பிள்ளை. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு மடிக் கணினியோடு வந்து, மூடைகளுக்கெல்லாம் சீட்டு ஒட்டி, மூடை சுமக்கும் நாட்டாமைமாருக்கு ஆளுக்கொரு போன் கொடுத்து, ஒரு கிழமையில் எல்லாவற்றையும் இணைத்துவிட்டாள். கம்பெனிக்காரர் அதற்கு வாயில் நுழையாத ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நாட்டாமைமார் அதை "மூளை" என்றார்கள். அதுவே நிலைத்துவிட்டது.

"சேர், இனி ஒரு சாமானுக்கும் இதுதான் இடம் எண்டு இல்லை," என்று ஹம்சிகா விளக்கினாள். "கூடப் போற சாமான் வாசலுக்குக் கிட்ட வரும். போகாதது பின்னுக்குப் போகும். நாளைக்கு எந்த லொறி வரும், என்ன ஏத்தும் எண்டு இது முதலே கணிச்சு, எந்த மூடையை எங்க வைக்கிறது எண்டு நாட்டாமைமாற்ற போனுக்குச் சொல்லும். நீங்கள் தொண்டை கிழியக் கத்தத் தேவையில்லை."

"அது சரி பிள்ளை. மணத்தைப் பற்றி உது என்ன நினைக்குது?"

"என்ன மணம், சேர்?"

"என்ன மணமோ! நீர் மூச்சு விடுறனீரோ இல்லையோ?"

"அதுக்கு மூக்கில்லை, சேர்."

"குடுத்து வச்சது," என்றார் சீவரத்தினத்தார்.

தாழ்வுபாட்டுப் பெண்கள் கருவாட்டுச் சங்கத் தலைவி செலீனாவுக்கும் மூளையில் அவ்வளவு நம்பிக்கை வரவில்லை. செலீனா பேசினால் கடலில் நிற்கிற வள்ளம் கரைக்கு வரும் என்பார்கள். அவள் லான்மாஸ்ரர் என்ற கையுழவு இயந்திரத்தின் பெட்டியிலிருந்து இறங்கி இடுப்பில் கை வைத்து நின்று, மூடைகள் இடம் மாறுவதைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"புது மருமகள் வந்திருக்கிறாவாக்கும். வந்த அண்டைக்கே மாமியாற்ற அலுமாரியைக் குடைஞ்சு பிரட்டிப்போட்டா."

ஆனால் பொய் சொல்லக்கூடாது, மருமகள் வேலைக்காரி. முன்பெல்லாம் வவுனியா லொறி வந்தால், சாரதி இறங்கி, சாப்பிட்டு, நித்திரை கொண்டு, எழும்பி, இன்னொருக்கால் சாப்பிட்டு, இரண்டு கிலோ கூடினவனாகத்தான் திரும்பிப் போவான். இப்போது அவன் இஞ்சினை நிற்பாட்ட முதல் ஏற்றி முடிந்துவிடுகிறது. ஒருவன் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் பிடித்தபடியே போய்விட்டான். கோப்பை இன்னும் வவுனியாவில்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, வவுனியாவில் திடீரென்று திருக்கைக்கு ஆசை வரும் வரைக்கும்.

ஓடர் குவிந்தது. மூளை உடனே உசாராகி, உள்ளே கிடந்த திருக்கை முழுவதையும் வாசலுக்குக் கிட்டக் கொண்டுவந்து அடுக்கச் சொன்னது. வாசலுக்குக் கிட்ட இருப்பது எது? சீவரத்தினத்தாரின் கந்தோர். காலையில் வந்து யன்னலைத் திறந்தால், கையெட்டும் தூரத்தில் திருக்கை மலை! வாலும் செட்டையும் சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு, அவரை எட்டிப் பார்க்கிறது. ஒரு இலையான் ஈ, திருக்கையில் கால் நனைத்துவிட்டு வந்து அவருடைய தேத்தண்ணிக் கோப்பையின் விளிம்பில் இருந்து கையைத் தேய்த்தது. சீவரத்தினத்தார் அன்று மூன்று தரம் வாந்தி எடுத்தார். மூன்றாவது தரம் வெளியே வருவதற்கு ஒன்றுமில்லாமல், போன வருசத்துப் பொங்கல் வந்ததாகக் கேள்வி.

ஹம்சிகாவுக்குப் போன் எடுத்தார்.

"பிள்ளை, உந்தச் சனியனைக் கருவாட்டைப் பின்னுக்கு வைக்கச் சொல்லும்."

"காரணம் வேணும், சேர். அது விருப்பத்துக்கு ஆடாது, காரணத்துக்குத்தான் ஆடும். ஒவ்வொரு சாமானும் என்ன வகை எண்டு நீங்கள் போட்டிருக்கிறீங்கள் தானே? சாப்பாட்டுச் சாமான், அபாயச் சாமான், தீயணைக்கிற சாமான் எண்டு. அதை வச்சுத்தான் முடிவெடுக்கும்."

"நாத்தச் சாமான் எண்டு ஒரு வகை இல்லையோ?"

"இல்லை, சேர். உள்ளதை உள்ளபடி போடுங்கோ. நீங்கள் போடுறதை அது அப்பிடியே நம்பும். உங்களை விட்டால் அதுக்கு வேற கண் இல்லை."

கடைசி வசனம் சீவரத்தினத்தாரின் காதுக்குள் போய் இனிப்பாக உட்கார்ந்தது. அன்று மத்தியானம் நாட்டாமைமார் சாப்பிடப் போன நேரம் கந்தோர்க் கதவைச் சாத்திக்கொண்டு கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தார். போனில் மூளையைத் திறந்து, கருவாடு என்று இருந்த இடத்திலெல்லாம் 'சாப்பாட்டுச் சாமான்' என்பதை எடுத்துவிட்டு 'அபாயச் சாமான்' என்று மாற்றினார். மூளை காரணம் கேட்டது. 'நச்சு வாயு' என்று போட்டார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குக் கொஞ்சமும் தோன்றவில்லை. அவருடைய மூக்குக்கு அது சத்தியம்.

அடுத்தநாட் காலை நெத்தலி முதல் திருக்கை வரை எல்லாம் களஞ்சியத்தின் கடைக்கோடிக்குப் போய்விட்டது. மண்ணெண்ணெய் பரல்களும் யூரியாவும் இருக்கிற மூலை அது. தீப்பற்றினால் கொட்டுவதற்கென்று அங்கே சில மணல் மூடைகளும் இருந்தன. நாட்டாமைமாரின் தலைவன் சிங்கராசா போனை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவனும் தாழ்வுபாட்டு ஆள்தான்.

"ஐயா, நெத்தலிக்கு மண்டையோட்டுப் படம் காட்டுது."

"புதுச் சட்டம்."

"நெத்தலிக்கோ?"

"கொழும்பில இருந்து வந்தது. எங்களுக்கென்ன தெரியும்? போய் வேலையைப் பார்."

செலீனா மட்டும் அதை விழுங்கவில்லை. "எங்கட அப்பு, அவற்ற அப்பு எல்லாரும் கருவாடு திண்டுதான் செத்தவை," என்றாள். "ஆனால் கருவாட்டால சாகேல்லை." சீவரத்தினத்தார் ஒன்றும் கேளாதவர்போலக் கந்தோர் யன்னலை அகலத் திறந்து, நெஞ்சு நிறைய ஒரு மூச்சை இழுத்தார். தவிட்டு மணம்! அரிசி மணம்! அவருடைய முகச் சுளிப்பு பிறந்த நாளிலிருந்து முதற்தடவையாகக் கொஞ்சம் தளர்ந்தது. அன்று அவரைக் கண்ட சிலர் யாரோ புது ஆள் என்று நினைத்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இந்த நேரத்தில்தான் குளக்கட்டுப் பிள்ளையார் கோயிலில் கொடியேறியது.

தீர்த்தத் திருவிழா அன்னதானம் அந்த ஊரில் சின்ன விசயமில்லை. அந்த உபயம் யாருக்கு என்பதில் சீவரத்தினத்தாருக்கும் சிவலட்சுமியின் தம்பி அகிலனுக்கும் பல வருசமாக இழுபறி. அகிலன் பெரிய வயற்காரன். கையும் வாயும் நீளம். இந்த வருசம் ஒருவழியாக உபயம் சீவரத்தினத்தாருக்கு வந்தது. வாழ்க்கையில் அவர் கேட்டது அந்த ஒரு பந்திதான். ஊர் முழுவதும் இருந்து, அவருடைய சோற்றைத் தின்று, "சீவரத்தினத்தான் சோறெண்டால் அதுதான் சோறு" என்று கையை மோந்து பார்த்துக்கொண்டு எழும்ப வேண்டும். எந்த மூக்கை ஊர் இத்தனை காலம் பகிடி பண்ணியதோ, அந்த மூக்கு தேடி எடுத்த அரிசி என்று ஊர் சொல்லவேண்டும்.

தேடித்தான் எடுத்தார். முருங்கன் பக்கத்து ஆலைகளிலெல்லாம் போய், சாக்குக்குள் தலையை விட்டு மோந்து மோந்து, கடைசியில் ஒரு கீரிச் சம்பா கிடைத்தது. அவித்தால் மணக்கும் என்பதெல்லாம் சாதாரண அரிசிக்கு. இது அவிக்க முதலே மணக்கும். அதை நினைத்தாலே மணக்கும்.

"வீட்டு அறைக்குள்ள வையுங்கோ," என்றாள் சிவலட்சுமி.

"எலி புகுந்தால்? ஸ்ரோரில மூளை பாக்குது. வெக்கை, ஈரம், எல்லாம் அதுக்குத் தெரியும்."

"மூளை பாக்கட்டும். உங்களுக்கு ஒண்டு இருக்கெல்லோ, அதையும் கொஞ்சம் பாக்கச் சொல்லுங்கோ."

சீவரத்தினத்தார் தன் மூளையையும் பாவித்தார். அதுதான் வினை. கீரிச் சம்பாவைச் சாப்பாட்டுச் சாமான் என்று போட்டால், மூளை அதை ஓடருக்கு ஏற்ப இங்குமங்கும் தூக்கிக்கொண்டு திரியும். ஒருநாள் யாருடைய லொறியிலாவது ஏறிப் போய்விட்டாலும் போய்விடும். களஞ்சியத்தில் மூளை ஒருக்காலும் இடம் மாற்றாத சாமான் எது? யோசித்தார். ஒன்றே ஒன்றுதான். மணல் மூடை. தீயணைக்கிற சாமான் வைத்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பது சட்டம். அதை யாரும் ஏற்றி அனுப்பவும் முடியாது. அவர் கீரிச் சம்பாவைக் கந்தோர் யன்னலுக்குக் கீழே அழகாக அடுக்குவித்து, சந்தனமும் குங்குமமும் பொட்டு வைத்து, போனில் 'தீயணைக்கும் மணல்' என்று பதிந்தார். தன்னுடைய கெட்டித்தனத்தை நினைத்து அவருக்கே ஒரு புல்லரிப்பு.

உபயகாரர் விரதம். விரதகாலத்தில் கருவாட்டு வாடை படக்கூடாது. ஆகையால் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தபடியே போனில் களஞ்சியத்தை நடத்தினார். இதுதான் நவீன நிர்வாகம் என்று கோயில் வீதியில் கண்டவர்களுக்கெல்லாம் போனை விரித்துக் காட்டினார். அதில் ஒரு பச்சை விளக்குப் படம் எரியும். அதன் கீழே, 'மணல் மூடைகள்: இடம் மாறவில்லை. பாதுகாப்பு: நன்று' என்று இருக்கும். சில நாளில் 'மிக நன்று' என்று வந்தது. பிறகு, 'மிக மிக நன்று. மணல் முழுமையாகப் பயன்படுகிறது' என்று வந்தது.

"பாத்தியே! என்ர சம்பாவுக்கு மூளை குடுக்கிற மரியாதையை!" என்று சிவலட்சுமியிடம் காட்டினார்.

"அரிசி என்னத்துக்குப் பயன்படுது? இன்னும் உலையில போடேல்லையே," என்றாள் சிவலட்சுமி. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தீர்த்தத்துக்கு முதல்நாள் காலை, அரிசி ஏற்ற உழவு இயந்திரத்தோடு அகிலனையே கூட்டிக்கொண்டு போனார். தோற்றவனுடைய பெட்டியில் வென்றவனுடைய அரிசி வரவேண்டும் என்ற ஒரு சின்ன ஆசை. சோளகக் காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. களஞ்சியத்துக்கு இன்னும் எவ்வளவோ தூரம் கிடக்க, சீவரத்தினத்தாரின் மூக்கு துடித்தது.

"அகிலன், உனக்கு ஏதும் மணக்குதோ?"

"மன்னார்க் காத்து மணக்கும்தானே, அத்தான்."

வாசலில் செலீனாவின் லான்மாஸ்ரர் நின்றது. மாதச் சோதனைக்கு வந்த ஹம்சிகாவின் ஸ்கூட்டரும் நின்றது. சீவரத்தினத்தார் இறங்கிக் கதவைத் தள்ளினார்.

நாற்றம் என்பது ஒரு சொல். உள்ளே இருந்தது சொல்லல்ல, ஆள். கதவுக்குப் பின்னால் நின்றிருந்து, அவரைக் கட்டிப்பிடித்து, வாய்க்குள் கையை விட்டது. தலைக்கு மேலே தகரம் வெயிலில் கொதிக்கிறது. கீழே கந்தோர் யன்னலை மறைத்துக் கொண்டு ஒரு கோட்டை. முன்னால் திருக்கை, பக்கத்தில் சாளை, மேலே நெத்தலி, அதற்கு மேலே இன்னும் திருக்கை. கோட்டையின் அடியில், நாலு பக்கமும் நெருக்குண்டு, தலையிலும் சுமையோடு, சந்தனப் பொட்டு வைத்த கீரிச் சம்பா. மேலேயிருந்து மஞ்சளாக ஒரு எண்ணெய் வழிந்து வழிந்து பொட்டைக் கரைத்துக்கொண்டு சாக்குக்குள் இறங்கியிருந்தது. இலையான்கள் ஊர்வலம் போல வட்டமிட்டன. ஒரு மூடையின் வாய்க்கட்டில் வெள்ளைப் புழுவொன்று நின்று, இது எந்த ஊர் என்பதுபோலத் தலையைத் தூக்கிப் பார்த்தது.

சீவரத்தினத்தார் கத்தினார். அந்தக் கத்தலுக்கு எங்கோ தூரத்து இலுப்பைக்கடவையில் காகம் எழும்பியது.

"ஆரடா இதைச் செய்தது?"

"போன் சொன்னது, ஐயா," என்றான் சிங்கராசா. "கிழமைக் கணக்கா ஒவ்வொரு நாளும் சொன்னது. நாங்கள் வச்சனாங்கள்."

அகிலன் ஒரு மூடையின் வாயை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளி, மோந்து, அப்படியே திருப்பிக் கொட்டினான். அரிசிமணி ஒவ்வொன்றும் திருக்கைக் குஞ்சாக மாறியிருந்தது. சாக்கை மாற்றி, கழுவி, காயவைத்து, சாம்பிராணி போட்டாலும் போகாது. அந்த அரிசிக்கு ஏழு பிறப்புக்கும் அந்த வாடை போகாது.

"பிள்ளை, உம்மட மூளைக்கு விசர்!" என்று ஹம்சிகாவின் பக்கம் பாய்ந்தார் சீவரத்தினத்தார். "நாளைக்கு ஊருக்குச் சோறு போடவேணும். என்னெண்டு போடுறது?"

ஹம்சிகா மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு மடிக் கணினியைத் திறந்தாள். கொஞ்சநேரம் பார்த்தாள். இன்னும் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மெல்லிய குரலில், "சேர், இஞ்ச கருவாடு நச்சு வாயு எண்டு கிடக்கு," என்றாள்.

செலீனா திரும்பினாள்.

"வன்னியெல்லாம் கோயில் திருவிழா, சனம் விரதம். ஓடர் நிண்டுபோச்சு. கருவாடு பின்மூலையில குவிஞ்சுபோச்சு. அவ்வளவு அபாயச் சாமானுக்கு அங்க கிடக்கிற மணல் காணாது எண்டு மூளைக்குத் தெரிஞ்சிருக்கு. வேற எங்க மணல் கிடக்கெண்டு தேடியிருக்கு. கந்தோர் யன்னலுக்குக் கீழ நிறைய நல்ல மணல் கிடக்குது எண்டு கண்டு, கருவாட்டைக் கொண்டுவந்து மணலைச் சுத்தி அடுக்கச் சொல்லியிருக்கு." அவள் தலையை நிமிர்த்தினாள். "ஆனால் அது மணல் இல்லைத்தானே, சேர்? அரிசியை ஆர் மணல் எண்டு போட்டது?"

சீவரத்தினத்தாரின் கண் கூரையில் எதையோ தேடியது.

"என்ர தாயே!" செலீனாவுக்குச் சிரிப்பு வருகிறதா கோபம் வருகிறதா என்று அவளுக்கே தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து வந்தன. "எங்கட நெத்தலி வெடிக்குமெண்டு பயந்தோ சீவரத்தினம் அண்ணை பின்மூலையில கொண்டே ஒளிச்சனீங்கள்? நாலு மாசம் வெயிலில காஞ்சு கருகி நாங்கள் உண்டாக்கினது உங்களுக்கு நஞ்சு! உங்கட சம்பளத்தைக் கொஞ்சம் மோந்து பாருங்கோ. அதில பாதி எங்கட திருக்கைதான்."

சீவரத்தினத்தார் பதில் சொல்ல வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் இலையான் புகுந்தது.

அவருக்கு அப்போது அவமானத்தைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. நாளை மத்தியானம் ஊர் இலைபோட்டு இருக்கும். அரிசி? இனி முருங்கனுக்குப் போய் மோந்து தேடி, குற்றுவித்து, ஏற்றிக்கொண்டு வர நேரமில்லை.

"இஞ்ச அரிசிக்குப் பஞ்சமோ, சேர்?" என்றாள் ஹம்சிகா. "உள்ளுக்குக் கிடக்குதே. சாப்பாட்டுச் சாமான் எண்டு உள்ளபடி போட்ட அரிசியை மூளை அபாயத்துக்குக் கிட்டவும் வைக்காது. மேல்தட்டில, நல்ல காத்துப்படுற பக்கமா வச்சிருக்கு."

போய்ப் பார்த்தார்கள். ஒரு சொட்டு வாடையில்லை. கழுவி வைத்த கோயில் மண்டபம்போல மணத்துக்கொண்டு கிடந்தது அரிசி. மூடைச் சீட்டைச் சிங்கராசா திருப்பிக் காட்டினான். சொந்தக்காரரின் பெயர்: அகிலன்.

சீவரத்தினத்தார் மச்சானைப் பார்த்தார். அந்தப் பார்வையை ஒரு கருங்கல் கண்டிருந்தால் பிளந்திருக்கும்.

"கேளுங்கோவன், அத்தான்," என்றான் அகிலன்.

"என்னத்தைக் கேக்கிறது?"

"வாயைத் திறந்து கேளுங்கோ. உள்ளுக்குப் போன இலையான் வெளியால போயிட்டுது."

கேட்டார். என்ன கேட்டார் என்று யாருக்கும் விளங்கவில்லை. பல்லுக்குள் வைத்துக் கேட்டார். ஆனால் அகிலன் உடனே ஏற்றச் சொன்னான். கை நீளம் என்றேனே, அது கொடுப்பதற்கும் நீளும். "ஊருக்கு ஒண்டும் தெரியாது, அத்தான். உபயம் உங்கடதான். நான் மூச்சு விடமாட்டன்," என்றான். வாயும் நீளம் என்பதைச் சீவரத்தினத்தார் அந்த நேரத்தில் மறந்துவிட்டார்.

மூடை ஏறும்வரை செலீனா வாசலை மறித்து நின்றாள்.

"எங்க போறியள்? முதல் எங்கட சாமானைச் சாப்பாடு எண்டு மாத்துங்கோ. எனக்கு முன்னால, உங்கட கையால."

"நான் விரதம், செலீனா..."

"விரதத்தில பொய்யை வச்சுக்கொண்டு திரியலாமோ?"

விரதக்காரர் கருவாட்டுக் கோட்டையின் முன்னால் நின்று, ஒரு கையால் மூக்கைப் பிடித்து, மறுகைப் பெருவிரலால் சாளை, கட்டா, நெத்தலி, திருக்கை என்று ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு, 'சாப்பாட்டுச் சாமான்' என்று மாற்றினார். திருக்கைக்கு வந்தபோது விரல் அதைத் தாண்டிப் போகப் பார்த்தது. செலீனா பொறுமையாக நின்றாள். முடிந்தபிறகு யன்னலடிக் கீரிச் சம்பாவைப் பார்த்து, "உதை என்ன செய்யப் போறியள்?" என்றாள்.

"கொண்டே கடலில கொட்டுங்கோ."

"ஐயையோ, பாவம். எங்கட கோயில் பெருநாள் வருது. நாங்கள் சமைக்கிறம். கறி வைக்கிற வேலையே இல்லை, சோத்துக்குள்ளயே கருவாடு கிடக்கு. நீங்களும் வாங்கோ அண்ணை. மூக்கைத் துவாயால கட்டிக்கொண்டெண்டாலும் வாங்கோ."

அன்று சீவரத்தினத்தார் முதலில் கிணற்றில் குளித்தார். பிறகு குளத்தில். பிறகு மீண்டும் கிணற்றில். தேசிக்காய், மஞ்சள், சீயாக்காய், கடைசியில் சாம்பல் என்று தேய்த்துத் தேய்த்து ஒரு சுற்று மெலிந்தே போனார். குளத்து மீன்கள் வாடை தாங்காமல் அடுத்த குளத்துக்குப் போய்விட்டதாகவும் ஒரு பேச்சு.

தீர்த்தம் குறைவில்லாமல் நடந்தது. சோறு பொலிந்தது. பருப்பும் பூசணிக்காயும் பாயசமும் ஓடின. ஊர் இருந்து சாப்பிட்டு, அவர் கேட்க ஆசைப்பட்ட அதே வார்த்தையைச் சொன்னது: "சோறெண்டால் இது சோறு! சீவரத்தினத்தாற்ற மூக்குக்கு ஒரு மாலை போடவேணும்." ஒவ்வொரு தரமும் அது அவர் நெஞ்சில் இனிப்பாக விழாமல் திருக்கை முள்ளாகக் குத்தியது. ஐயர் உபயகாரருக்குரிய காளாஞ்சித் தட்டைக் கொடுக்கக் கிட்ட வந்தவர், ஒரு கணம் நின்று, மூக்கைச் சுருக்கி, கையை நன்றாக எட்டி நீட்டிக் கொடுத்தார். அல்லது சீவரத்தினத்தாருக்கு அப்படித் தெரிந்தது. தன்னையே மோந்து பார்த்தார். சந்தனத்துக்குக் கீழே, விபூதிக்குக் கீழே, தோலுக்கும் கீழே, அது இருந்தது.

கடைசிப் பந்தியில் அவரும் உட்கார்ந்தார். எதிர் இலையில் அகிலன். ஒரு கவளத்தைப் பிசைந்து வாயில் வைக்கப் போன அத்தானைப் பார்த்து, மண்டபம் முழுவதும் கேட்கிற மாதிரி அவன் அன்பாக விசாரித்தான்:

"என்னத்தான், சோத்தில மணல் கடிபடுதோ?"

ஊருக்கு விளங்கவில்லை. ஆனால் அகிலன் விக்கி விக்கிச் சிரித்த சிரிப்பில், விளங்கவேண்டும் என்று ஊருக்கு ஆசை வந்துவிட்டது. பொழுதுபட முதல் அது விளங்கியும் விட்டது.

விரதம் முடித்து அவர் களஞ்சியத்துக்குப் போன அன்று காலை, றோட்டில் லொறிகள் வரிசையாக நின்றன. கொடியிறங்கியதும் வன்னி முழுவதற்கும் ஒரே நேரத்தில் கருவாட்டு ஆசை வந்திருந்தது. வவுனியா, செட்டிகுளம், மடு எல்லா ஊர் லொறிகளும் முதலில் உயிலங்குளத்துக்குத்தான் வந்தன. போன் அடித்தது. ஹம்சிகா.

"சேர், இப்பதான் மூளை அச்சொட்டா வேலை செய்யுது. எல்லாம் நீங்கள் உள்ளதை உள்ளபடி போட்டதாலதான்."

சீவரத்தினத்தார் கந்தோருக்குள் போய், கதிரையில் இருந்து, யன்னலைத் திறந்தார். ஒருநாளில் ஆகக் கூடுதலாகப் போகிற சாப்பாட்டுச் சாமான், வாசலுக்கு ஆகக் கிட்ட, கையெட்டும் தூரத்தில், வாலும் செட்டையும் நீட்டிக்கொண்டு மலையாய்க் குவிந்திருந்தது. அதன் உச்சியில் செலீனா ஏறி நின்று மூடைகளை இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணை, யன்னலைச் சாத்திப்போடாதேங்கோ," என்றாள் மேலேயிருந்து. "நச்சு வாயு வெளியால போகவேணுமெல்லே!"

அவர் தும்மினார். ஏற்றிக்கொண்டிருந்த லொறியொன்று அந்தத் தும்மலிலேயே பாலம்வரை உருண்டு போனது.